அக்கா சொன்ன இரண்டு கிராம்

அத்தியாயம் 9

கட்டுப் பிரிக்கிற நாள் வந்துவிட்டது.

பதினொரு நாளாக அந்த ஒரு நாளைத்தான் லிஃப்ட் மெக்கானிக் எதிர்பார்த்துக்கொண்டிருந்தான். வந்து நின்ற பிறகு, இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போனால் தேவலை என்று தோன்றியது. கட்டு இருக்கிற வரையில் பார்வையும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

மனைவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்களிலும் கட்டு. இடது கையில் மணிக்கட்டு வரைக்கும் வெள்ளைப் பொட்டலம். மூன்று விரல்கள் போய்விட்டதை அவளிடம் யார் சொல்வது என்று ஆளாளுக்குக் கையைப் பிசைந்துகொண்டு நின்றதும், அவளே பொட்டலத்துக்குள் அசைத்துப் பார்த்து, "ரெண்டுதான் பதில் சொல்லுது" என்றதும் போன வாரத்துக் கதை.

அவளை அவன் கூப்பிடுவது 'சோடா' என்று. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவள். கல்யாணமான முதல் வாரமே வைத்த பெயர். அவள் அவனை 'மெக்கானிக் சார்' என்பாள். அவனுடைய அக்காதான் அவளுக்கு ஆராய்ச்சி வழிகாட்டி. ஆய்வகத்தில் 'மேடம்', வீட்டுக்கு வந்தால் 'அண்ணி'. இந்த இரண்டு வார்த்தைகளையும் சோடா ஒரு நாளும் மாற்றிப் போட்டதில்லை.

வெடித்த அன்றுதான் மாற்றினாள். கண்ணாடிப் புனலில் காய்ந்து கிடந்த தூளைக் கரண்டியால் சுரண்டியபோது அது கையிலேயே வெடித்தது. புகைக்குள்ளிருந்து, "அண்ணி! அண்ணி!" என்றுதான் கத்தினாளாம். ஓடிவந்து, தன் வெள்ளைக் கோட்டின் நாடாவைப் பிடுங்கி அவள் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்தியவள் அக்காதான். அந்த நாடா இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வந்து பயனில்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

இன்றைக்குப் பத்து மணிக்குக் கட்டுப் பிரிப்பார்கள். இரண்டு மணிக்கு விசாரணைக் குழு கூடுகிறது.

ஏழரைக்கே அக்கா வந்துவிட்டாள். உள்ளே வரவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில், தீயணைக்கும் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவனுக்கு ஃபோன் செய்தாள்.

"வெளியில வாடா."

போனான். அக்காவின் முகம் சுண்டிப்போயிருந்தது. துவைத்து மடித்த சட்டை ஒன்றை அவன் கையில் திணித்தாள்.

"மூணு நாளா ஒரே சட்டையில இருக்கே. மாத்திக்கோ."

"தூங்கினியாக்கா?"

"கண்ணை மூடினா அந்தச் சத்தம் கேக்குது." சற்று நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு வந்த விஷயத்துக்கு வந்தாள். "அவளோட நோட்டு உன்கிட்டதானே இருக்கு?"

ஆய்வக நோட்டு. ஆம்புலன்சில் ஏற்றும்போது சோடாவின் பையோடு அவன் கைக்கு வந்தது. அவன் அதைத் திறக்கவில்லை. மூலையில் ரத்தம் பட்டுக் காய்ந்திருந்தது. திறக்கத் தைரியம் வரவில்லை.

"இருக்கு."

"என்கிட்ட குடு. நானே குழுவுக்குக் குடுத்துடறேன். அது ஆய்வகத்துச் சொத்து, வெளியில இருக்கக்கூடாது."

"அவளைக் கேட்டுட்டுத் தரேன்."

"அவளை ஏன்டா இப்போ தொந்தரவு பண்றே?" அக்காவின் குரல் தாழ்ந்தது. "நான் எனக்காக மட்டும் கேக்கலை. அதுல அவளுக்கு எதிராவும் இருக்கும். அந்தக் குழுவுல இருக்கிறவங்களுக்கு ஒரு ஆள் வேணும். படுத்துக் கிடக்கிறவதான் அவங்களுக்குச் சுலபம்."

அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. பள்ளிக்கூட அட்டைகளில் 'தாயார் கையொப்பம்' என்ற கோட்டின் மேல் அதன் பிறகு விழுந்ததெல்லாம் அக்காவின் கையெழுத்துதான். அவளிடம் இல்லை, முடியாது என்று சொல்லி அவனுக்குப் பழக்கமே கிடையாது.

"கேட்டுட்டுத் தரேன்க்கா," என்று மறுபடியும் அதையே சொன்னான்.

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

அவன் உள்ளே வந்து சொன்னதையெல்லாம் சோடா கேட்டுக்கொண்டாள். கட்டுக்குள்ளிருந்த முகத்தில் என்ன ஓடியது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"எடுங்க நோட்டை. கடைசியா எழுதின பக்கங்கள். படிங்க."

"எனக்குப் புரியாது சோடா."

"புரிய வேண்டாம். எழுத்துக் கூட்டிப் படிச்சா போதும், மெக்கானிக் சார்."

படித்தான். அறுபத்திரண்டாம் பக்கம். அவளுடைய பொடி எழுத்து. "அளவு இரண்டு கிராம். மேடம், வாய்மொழி. பெர்குளோரேட் வேண்டாம், ஃப்ளோரோபோரேட்டில் செய்யலாமா என்று கேட்டேன். அதில் படிகம் சரியாக வராது என்றார்."

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"வழக்கமா நாங்க இதைச் சிட்டிகை அளவுதான் செய்வோம். இருபது மில்லிகிராம், முப்பது மில்லிகிராம். இது நூறு மடங்கு." அவள் குரல் தட்டையாக இருந்தது. "பெர்குளோரேட் உப்பு வெடிக்கும்னு எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. வேற ஒண்ணு போட்டாலும் நாங்க பண்ற மூலக்கூறுக் கூண்டு சேரும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். வேற ஊர்ல ஒருத்தர் இதே கூண்டைப் பண்ணிட்டிருக்காங்க. அவங்களுக்கு முன்னால வெளியிடணும்னு அண்ணிக்கு அவசரம்."

அவன் நோட்டை மூடப் போனான்.

"அடுத்த பக்கமும் இருக்குமே. படிங்க."

"காற்றை உறிஞ்சும் பம்ப்பில் வைத்து முழுக்கக் காயவைத்தேன்." அவ்வளவுதான் இருந்தது.

சோடா பொட்டலத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அது என் தப்பு," என்றாள். "ஈரமா இருக்கிற வரைக்கும் பெரிசா ஒண்ணும் ஆகாது. காயவைக்கவே கூடாது. ஏன் அப்படிப் பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன். அந்த வாரமே மண்டையில கிழிஞ்சு கிழிஞ்சுதான் இருக்கு."

"அப்போ அக்கா சொல்றது சரிதானே? இதைக் குடுத்தா உன்னைத்தான் பிடிப்பாங்க."

"ரெண்டு பக்கத்தையும் குடுங்க. ஒண்ணை மட்டும் மறைச்சா, நாளைக்கு அந்த லேப்ல நிக்கப்போற பொண்ணுக்கு நான் என்ன சொல்றது?"

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். திரையை இழுத்துவிட்டு, வலது கண்ணின் கட்டை முதலில் பிரித்தார். ஈரப் பஞ்சால் இமையை மெல்லத் துடைத்தார்.

"மெதுவா திறங்க. அவசரமில்லை."

இமை ஒட்டிக்கொண்டு, பிறகு பிரிந்தது. சோடா முகத்தைச் சுளித்தாள். கண்ணாடியில்லாமல் அவளுக்கு ஒரு சாண் தூரத்துக்கு மேல் என்றைக்குமே தெரியாது.

"கிட்ட வாங்க," என்றாள்.

அவன் குனிந்தான். மூச்சு முகத்தில் படுகிற அளவுக்குக் குனிந்தான். அந்தச் சிவந்த கண் அவன் மேல் அங்குமிங்கும் அலைந்தது.

"புதுச் சட்டை. பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க."

அவனிடமிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒரு சத்தம் வந்தது. டாக்டரின் உதட்டோரம்கூட லேசாக அசைந்தது. வலது பக்கத்துச் சோடாபுட்டி விரிசலோடு நின்றுவிட்டது. அதனால்தான் தப்பித்தது என்றார்.

பிறகு இடது கண். அந்தப் பக்கத்துக் கண்ணாடி நின்றிருக்கவில்லை.

கட்டைப் பிரித்ததும் டாக்டர் வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். கோட்டுப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தார்.

சோடா காத்திருந்தாள். பத்து நொடி ஆகியிருக்கும்.

"லைட்டைப் போடுங்க டாக்டர்," என்றாள்.

டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் வெளிச்சம் அவள் கன்னமெல்லாம் விழுந்து கிடந்தது.

டாக்டர் டார்ச்சை அணைத்தார். சோடாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி," என்றாள். "இனிமே பாதிச் சோடா." அதற்குப் பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். இரண்டு விரல்கள் மிஞ்சிய பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் குலுங்கினாள்.

ஒரு மணிக்கு அவளே சொன்னாள்: "கிளம்புங்க. நேரமாச்சு."

விசாரணை நடந்த அறையில் நீளமான மேஜை ஒன்றும், பாதி சுருட்டப்பட்ட திரை ஒன்றும் இருந்தன. அவன் லிஃப்ட் பராமரிக்கிற ஆய்வகக் கட்டடம்தான். கீழே நின்ற லிஃப்டில் மாதாமாதம் கயிற்றுக்கு எண்ணெய் விட்டவன். இந்த அறைக்குள் மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை.

குழுத் தலைவர் ஒரு பாதுகாப்பு அதிகாரி. நரைத்த தலை, மூடியைக் கழற்றாத பேனா. அக்கா எதிரில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தம்பி உள்ளே வந்ததைக் கண்டும் காணாதவள் போல இருந்தாள். அவன் நோட்டை மேஜைமேல் வைத்தபோதுதான் அவள் இமை ஒருமுறை துடித்தது.

"அந்தக் கூண்டு என்ன, எதுக்காக இந்த உப்பு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் தலைவர்.

அக்கா சொன்னாள். முதலில் தயங்கித்தான் ஆரம்பித்தாள்.

"நாலு கோபால்ட் அயனி சார். ஆறு நீள மூலக்கூறு. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முனையிலயும் நைட்ரஜன் இருக்கு. அதுதான் உலோகத்தைப் பிடிக்கிற கை. கரைசல்ல சும்மா கலந்து வச்சா போதும், தானா கட்டிக்கும். நாலு உலோகமும் நாலு மூலையில போய் நிக்கும். ஆறு மூலக்கூறும் ஆறு விளிம்பா நிக்கும். தப்பா பிடிச்ச கை தானே விட்டுட்டு, சரியான இடத்தைத் தேடிப் போகும். நாம எதையும் கட்டறதில்லை. நாம நகர்ந்து நின்னா போதும்."

பேசப் பேச அவள் முதுகு நிமிர்ந்தது. இருபது வருஷமாக அவள் வேறு எதையும் நினைத்ததில்லை. தம்பிக்கு அது தெரியும்.

"ஆனா நடுவுல ஒண்ணு வேணும். நாலு முக வடிவத்துல ஒரு சின்ன எதிர் அயனி. அதைச் சுத்தித்தான் கூண்டு சேரும். பெர்குளோரேட் அதுக்குக் கச்சிதமா பொருந்தும்."

"கூண்டுக்கு உள்ளே ஒண்ணு. வெளியே?"

அக்கா நிதானித்தாள். "ஏழு."

"உள்ளே ஒண்ணு, வெளியே ஏழு. எல்லாம் வெடிக்கிற சாதி. இரண்டு கிராம் செய்யச் சொன்னது யார்?"

அக்கா நோட்டை ஒருமுறை பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் அக்கா.

அக்கா மறைக்கவில்லை. நோட்டு வந்துவிட்டதால் சொன்னாளோ, வராவிட்டாலும் சொல்லியிருப்பாளோ, அது வேறு விஷயம்.

தலைவர் பக்கத்தைத் திருப்பினார். அவருடைய விரல் ஒற்றை வரியின்மேல் நின்றது.

"முழுக்கக் காயவைத்தேன். இது யார் முடிவு?"

அக்காவின் பார்வை மேஜைக்கு இறங்கியது.

"அளவு அதிகம்தான். ஆனால் ஈரத்தோட இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது இல்லையா, மேடம்? காயவைக்கச் சொல்லி நீங்க சொன்னீங்களா, இல்லை மாணவியே செஞ்சாங்களா?"

"நோட்டுல என்ன இருக்கோ அதுதான்," என்றாள் அக்கா, மேஜையைப் பார்த்தபடி.

"அப்போ மாணவியோட கவனக்குறைவு." பேனாவின் மூடி முதன்முறையாகக் கழன்றது.

அந்த மூடி கழன்ற சத்தத்தில்தான் மெக்கானிக்குக்கு அது ஞாபகம் வந்தது. வெடிப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜை. கிண்ணத்தை நகர்த்திக்கொண்டே அக்கா சொன்னாள்: "நல்லா காயவச்சு அனுப்பு. போன தடவை ஈரமா இருக்குன்னு பகுப்பாய்வுக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க, மானம் போச்சு." அவன்கூடக் குறுக்கே புகுந்து, "வெயில்ல போடுங்க, நான் காக்கா விரட்டறேன்," என்று கிண்டல் செய்தான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

சிரித்த மூன்று பேரில் ஒருத்திக்கு அந்த வாரமே நினைவில்லை. இன்னொருத்தி மேஜையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எழுந்து நின்றான்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்."

"நீங்க நோயாளியோட கணவர்தானே? சொல்லுங்க."

"கணவர்தான். இவங்களுக்குத் தம்பியும்." அக்காவின் பக்கம் கை காட்டினான். ஆனால் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேசியிருக்க மாட்டான். "காயவைக்கச் சொன்னது அக்காதான். வீட்டுல, சாப்பிடும்போது. நான் பக்கத்துல இருந்தேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். காக்கா விரட்டுகிற கிண்டலையும் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

"மேடம்?" என்றார் தலைவர்.

அக்கா மெல்ல நிமிர்ந்தாள். தம்பியைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வையாக இருந்தது அது.

"அப்படி ஒரு பேச்சு நடந்ததா எனக்கு ஞாபகம் இல்லை," என்றாள்.

குழு எழுந்துகொண்டது. இரண்டு கிராம் தூள் வெடித்ததில் ஏற்பட்ட விபத்து என்று முதற்கட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். பொறுப்பு யாருடையது என்பதை அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார் தலைவர். வெடித்த அன்று ஆய்வகத்துக்கு வைத்த முத்திரையை இன்றே எடுத்துவிடலாம், நாளைக் காலை எட்டு மணிக்குத் துப்புரவு ஆட்கள் வருவார்கள் என்று சொல்லி, சாவியை அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கிக்கொண்டு, தம்பியைக் கடந்து, அவன் பராமரிக்கிற லிஃப்டில் ஏறாமல் படி வழியாக இறங்கிப் போனாள்.

மருத்துவமனைக்கு அவன் திரும்பியபோது மணி ஐந்தரை. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. இடது கண்ணில் மட்டும் மெல்லிய துணி மூடி, சோடா விழித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"சொல்லுங்க," என்றாள்.

சொன்னான். அக்கா ஒப்புக்கொண்டதையும், பிறகு வாய் மூடியதையும், தான் எழுந்து நின்றதையும் சொன்னான்.

"காக்கா விரட்டறேன்னு சொன்னீங்களா?" அவள் நெற்றி சுருங்கியது. "எனக்கு ஞாபகமே இல்லை. சொல்லியிருப்பீங்க. நீங்க சொல்றவர்தான்." நல்ல கையால் அவன் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தாள். "அண்ணி முன்னாடியா சொன்னீங்க?"

"முன்னாடிதான்."

"உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"கேக்காதே."

அவள் கேட்கவில்லை. பிடியை மட்டும் இறுக்கினாள்.

"கடைசியா என்னதான் எழுதினாங்க?"

"முதற்கட்டக் குறிப்புதான். இரண்டு கிராம் தூள் வெடிச்சதுன்னு..."

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை சட்டென்று விட்டது.

"எவ்வளவு?"

"ரெண்டு கிராம். நோட்டுல அப்படித்தானே இருக்கு?"

சோடா எழுந்து உட்கார முயன்றாள். பொட்டலம் கட்டிலின் கம்பியில் இடித்தது; வலியைக்கூடக் கவனிக்கவில்லை.

"ரெண்டு கிராம் வெடிச்சிருந்தா நான் உங்ககூட உக்காந்து பேசிட்டிருக்க மாட்டேங்க. புனல்ல எல்லாத்தையும் போட இடமில்லை. பாதிக்கு மேல பிரிச்சு ஒரு குப்பியில போட்டேன். ஆமா, போட்டேன். சின்ன மூடி. இந்தக் கையாலதான் மூடினேன்." போன விரல்கள் இருந்த இடத்தை வலது கையால் தடவினாள். "ஈரம் உறிஞ்சற ஜாடிக்குள்ள வச்சேன். பின்பக்க அலமாரி, கீழ்த்தட்டு. வந்து எழுதிக்கலாம்னு வச்சேன். எழுதறதுக்குள்ள..."

"அது இன்னும் அங்கயா இருக்கு?"

"பதினொரு நாளா காஞ்சுக்கிட்டே இருக்கு. மூடியில ஒரு துகள் ஒட்டியிருந்து, யாராவது திருகினா போதும்."

அவன் ஃபோனை எடுத்தான். அக்காவைக் கூப்பிட்டான். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டான். மூன்றாவது முறை, இரண்டாவது மணியிலேயே அந்தப் பக்கம் துண்டிக்கப்பட்டது.

பார்க்கிறாள். எடுக்க மாட்டேன் என்கிறாள்.

அந்தக் கட்டடத்துக் காவலாளியின் எண் அவனிடம் இருந்தது. லிஃப்ட் நின்றால் முதலில் கூப்பிடுகிறவர் அவர்தான்.

"என்ன மெக்கானிக், லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது?" என்றார் அவர்.

"அண்ணே, அக்கா அங்க வந்தாங்களா?"

"இப்பத்தான் உள்ள போனாங்க. ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும். தனியாத்தான் வந்தாங்க. கூட ஆள் வரட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க."

சோடா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா தெரிந்துதான் போயிருக்கிறாளா? தெரிந்திருந்தால், அதை யாருக்கும் ஆபத்தில்லாமல் அப்புறப்படுத்தப் போயிருக்கிறாளா, இல்லை யார் கண்ணிலும் படாமல் மறைக்கப் போயிருக்கிறாளா? தெரியாமல் சும்மா போய், அந்த ஜாடியைத் திறந்தால்?

மெக்கானிக் அதற்குள் வாசலைத் தாண்டித் தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஓடுங்க! எதையும் தொட வேண்டாம்னு சொல்லுங்க. அலமாரியில இருக்கிற ஜாடிகிட்டயே போக வேண்டாம்னு சொல்லுங்க."

"நான் சொன்னா மேடம் கேப்பாங்களா?"

அவன் ஒரு நொடி நின்றான். காலையில் அக்கா கொடுத்த சட்டையின் காலர் கழுத்தை உறுத்தியது.

"தம்பி சொன்னான்னு சொல்லுங்க," என்றான்.

இன்றைக்கு அந்த வார்த்தைக்கு அவளிடம் என்ன மதிப்பு இருக்கும் என்று அவனுக்கே தெரியவில்லை. காதில் ஃபோனை அழுத்திப் பிடித்தபடி படிகளில் தாவி இறங்கினான். அந்தப் பக்கத்தில் காவலாளியின் பூட்ஸ் சத்தம் ஒவ்வொரு படியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.